போர் தண்ணீரில் டி.என்.ஏ. துண்டாவது ஏன்?

கேள்வி: அறிவியல் கண்காட்சிக்கு வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. பிரித்தோம். கேன் தண்ணீரில் நீளநீளமாக நூல் வந்தது. போர் தண்ணீரில் பொடிப்பொடியாகத்தான் மிதந்தது. தண்ணீர் மாறினால் டி.என்.ஏ.வின் வடிவமும் மாறுமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: மாறும். ஆனால் உங்கள் டம்ளரில் நடந்தது வேறு என்றே தோன்றுகிறது.

டி.என்.ஏ.வின் வெளிப்புறம் முழுக்க பாஸ்பேட். எல்லாமே எதிர்மின்னூட்டம் என்பதால் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று தள்ளும். தண்ணீரில் கரைந்த சோடியம் அயனிகள் சூழ்ந்துகொண்டு அந்தத் தள்ளலை அடக்குகின்றன. உப்பே இல்லாத காய்ச்சி வடித்த நீரில் குறைந்த சூட்டிலேயே இழைகள் பிரிந்துவிடும்.

ஈரம் தாராளமாக இருந்தால் பி வடிவம்: முறுக்கின் ஒரு சுற்றுக்குச் சுமார் 10.5 கார இணைகள் (இரு இழைகளையும் இணைக்கும் ஏணிப்படிகள்), இணைக்கு இணை 0.34 நானோமீட்டர். ஈரப்பதம் 75 சதவீதம் அளவுக்கு இறங்கினால் குட்டையாகித் தடித்து ஏ வடிவம் ஆகும். சுற்றுக்கு 11 இணைகள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் அவருடைய மாணவர் கோஸ்லிங்கும் எக்ஸ்ரே படங்களில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். மறுபடி ஈரமேற்றினால் பி வடிவமே. ஜி, சி என்ற காரங்கள் மாறிமாறி வரும் செயற்கை டி.என்.ஏ.வை 100 மி.லி.க்கு 23 கிராம் உப்புள்ள நீரில் போட்டால் முறுக்கே இடப்பக்கமாகத் திரும்பிவிடும். இது இசட் வடிவம். ஊறுகாய் உப்பையும் மிஞ்சும் அளவு! வாழைப்பழ டி.என்.ஏ. மொத்தமாக அப்படித் திரும்பாது.

இனி உங்கள் பொடிக்கு வருவோம். நம் பக்கத்துப் போர் தண்ணீர் கடினநீர். கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். பழத்தை மசித்ததும் டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் வெளியேறும்; அவற்றில் பலவற்றுக்கு இந்த உலோகங்கள்தான் துணை. வேலூர் வெயிலில் வெதுவெதுப்பான கரைசல் என்றால் வெட்டு இன்னும் வேகம். ஆய்வகங்களில் இ.டி.டி.ஏ. சேர்ப்பது இந்த உலோகங்களைப் பிடித்துவைக்கத்தான்.

அடுத்த முறை: பாதி வாழைப்பழம், ஐஸில் வைத்த கேன் தண்ணீர் 100 மி.லி., உப்பு 3 கிராம், பாத்திரம் கழுவும் திரவம் 2 டீஸ்பூன். மிக்ஸியில் அரைக்காதீர்கள், நூல் அறுந்துபோகும்; கரண்டியால் நுரை வராமல் மசித்து, துணியில் வடிகட்டுங்கள். வடிநீரைப்போல் இரு மடங்கு ஃபிரீசரில் குளிர்ந்த சர்ஜிகல் ஸ்பிரிட்டை டம்ளர் ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. கலக்கிவிட்டால் அடுக்கு கெடும். ஆல்கஹால் தண்ணீரை இழுத்துக்கொள்ள, உப்பிலுள்ள சோடியம் டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டோடு இறுக ஒட்டும், டி.என்.ஏ. கரையாமல் இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் 10 நிமிடத்தில் வெள்ளையாகத் திரளும். உப்பை மறந்தால் இது சரியாக நடக்காது.

ஒன்று: அந்த வெள்ளை முழுவதும் டி.என்.ஏ. அல்ல, பழத்தின் பசைப்பொருளான பெக்டினும் புரதமும் கலந்திருக்கும். நடுவர் கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.