கென்யாவுக்கு 40 பம்ப்: பட்ஜெட் பக்கத்தை நம்பிக் கடன் கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் சப்மர்சிபிள் பம்ப் தயாரிக்கிறோம். கென்யாவில் ஒரு கவுண்டி (மாவட்டம் போன்ற தன்னாட்சிப் பகுதி) அரசின் ஆழ்துளைக் கிணற்றுத் திட்டத்துக்காக நைரோபி ஒப்பந்ததாரர் ஒருவர் 40 பம்ப் கேட்கிறார். சரக்கு இறங்கி 90 நாளில் பணம் என்கிறார். திட்டத்துக்குத் தொகை ஒதுக்கியதற்கு ஆதாரமாகக் கவுண்டி பட்ஜெட்டின் பக்கத்தையும் அனுப்பியிருக்கிறார். துணிந்து இறங்கலாமா?

பதில்: இந்த நிபந்தனையில் வேண்டாம். அந்தப் பக்கம் பொய்யாக இருக்காது. ஆனால் செலவு செய்ய அனுமதி உண்டு என்பதற்கு மட்டுமே அது சாட்சி; கையில் காசு இருக்கிறது என்பதற்கு அல்ல.

கென்யாவில் 47 கவுண்டிகள். 2010 அரசியல் சட்டத்தின்படி குடிநீர் வழங்கல் அவற்றின் பொறுப்பு. செலவுக்கோ, பெரும்பாலானவை நைரோபியில் உள்ள தேசியக் கருவூலம் அனுப்பும் பங்கையே நம்பியிருக்கின்றன. அது மாதத் தவணையாக வரவேண்டும். இரண்டு மூன்று மாதம் பிந்துவது சகஜம். வந்த பணத்தில் முதலில் சம்பளம் போகும். பம்ப், குழாய், சாலையெல்லாம் அதற்குப் பிறகுதான். வளர்ச்சிப் பணிக்குக் குறைந்தது 30 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்று நிதி நிர்வாகச் சட்டம் சொல்கிறது. பட்ஜெட்டில் அதைக் காட்டிவிடுவார்கள். செலவுக் கணக்கில் பல கவுண்டிகள் அந்த அளவைத் தொடுவதில்லை.

மேலே கருவூலத்துக்கே நெருக்கடி. 2014-இல் வெளியிட்ட டாலர் கடன் பத்திரத்தில் பெரும்பகுதிக்கு 2024 ஜூனில் தவணை வந்தது. அதைச் சமாளிக்க பிப்ரவரியில் 10 விழுக்காட்டுக்கு மேல் வட்டிச் சுமையோடு 150 கோடி டாலர் புதிதாகத் திரட்டினார்கள். வரியை உயர்த்த வந்த நிதி மசோதா, இளைஞர் போராட்டத்துக்குப் பின் அதே ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. கவுண்டிகளுக்கு முதலில் சொன்ன 400 பில்லியன் ஷில்லிங் கடைசியில் 387 பில்லியன் ஆனது. கடனையும் சம்பளத்தையும் வெட்ட முடியாது. துணை பட்ஜெட் வந்தால் கத்தி விழுவது வளர்ச்சித் திட்டங்களில்தான். எனவே முதல் வேலையாக, கடைசியாக நிறைவேறிய துணை பட்ஜெட்டில் இந்தத் திட்டத்தின் ஒதுக்கீட்டைக் காட்டச் சொல்லுங்கள். தொகை பாதியாகியிருக்கலாம், ஒதுக்கீடே காணாமலும் போயிருக்கலாம்.

அடுத்து, நீங்களே கோவையில் உட்கார்ந்து பார்க்கக்கூடியது பட்ஜெட் கட்டுப்பாட்டாளரின் காலாண்டு அறிக்கை. அரசியல் சட்டத்தின் 228-வது பிரிவின்படி அவர் ஒப்புதல் இல்லாமல் பொதுக் கணக்கிலிருந்து ஒரு ஷில்லிங் வெளியேறாது. ஒவ்வொரு கவுண்டிக்கும் தனி அத்தியாயம் உண்டு, இணையத்தில் இலவசம். அதில் நீர்வளத் துறைக்கு எதிரே வளர்ச்சிச் செலவுக்கு ஒப்புதலான தொகை, உண்மையில் விடுவித்த தொகை, செலவான தொகை ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. டிசம்பர் முடிந்தும் ஒதுக்கீட்டில் ஐந்தில் ஒரு பங்கு கூட விடுவிக்கப்படவில்லை என்றால் உங்கள் பில் அந்த ஆண்டில் தேறாது என்றே கணக்குப் போடுங்கள். அதே அத்தியாயத்தில் நிலுவை பில் அட்டவணையும் இருக்கும். 2024-இல் எல்லாக் கவுண்டிகளின் நிலுவையும் சேர்ந்து 150 பில்லியன் ஷில்லிங்கைத் தாண்டியிருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நைரோபி கவுண்டியுடையது மட்டும். உங்கள் கவுண்டியின் நிலுவை, அதன் ஓராண்டு வளர்ச்சிச் செலவை நெருங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்துவது நல்லது.

ஒப்பந்ததாரரிடம் கேட்க வேண்டியவை: கையெழுத்தான ஒப்பந்தம், அரசின் நிதி மென்பொருளில் உருவான எல்பிஓ (உள்ளூர்க் கொள்முதல் ஆணை), அந்த ஆண்டின் கொள்முதல் திட்டத்தில் இந்த வேலை வரும் பக்கம். டெண்டர் கிடைத்ததாகச் சொல்லும் கடிதம் மட்டும் போதாது. கடிதம் வந்து 14 நாள் கழியாமல் ஒப்பந்தம் கையெழுத்தாகக் கூடாது. தோற்றவர் முறையீடு செய்ய அதுதான் அவகாசம், முறையீடு வந்தால் வேலை நிற்கும். கையில் இல்லாத ஆவணத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் அவர் எழுதிக் கேட்கலாம், கெடு 21 நாள். அந்த உரிமை கென்யக் குடிமக்களுக்கும் அவர்கள் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கும்தான், உங்களுக்கு இல்லை.

இனி, பம்ப் வியாபாரிகள் உண்மையில் சிக்கும் இடம். ஒப்பந்தத்தில் பணம் எதன் பேரில் தரப்படுகிறது? 'இறங்கியதும்' என்று ஒப்பந்ததாரர் வாயால் சொல்வார். அவருக்கும் கவுண்டிக்கும் இடையிலான தாளில் 'இயக்கிக் காட்டி ஒப்படைத்ததும்' என்று இருக்கும். இயக்கிக் காட்ட கிணறு வேண்டும், மின்சாரம் வேண்டும். வட கென்யாவின் துர்க்கானா ஏரிக் காற்றாலைகளைப் பாருங்கள்: 365 காற்றாலைகள், 310 மெகாவாட், 2017-இலேயே தயார். அரசு போடவேண்டிய, 400 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட மின்தடம் முடிந்தது 2018 செப்டம்பரில். வழியில் நிலத்துக்கு இழப்பீடு தருவதில் இழுபறி, நடுவில் ஸ்பெயின் ஒப்பந்த நிறுவனம் திவால். ஓடாத காற்றாலைக்கும் கென்யா பல பில்லியன் ஷில்லிங் கொடுத்தது, ஏனென்றால் காற்றாலை நிறுவனம் ஒப்பந்தத்தில் அப்படி எழுதி வாங்கியிருந்தது. உங்களிடம் அப்படி ஒரு வரி இல்லை. மும்முனை இணைப்பு வராத கிணற்றடியில் உங்கள் பம்ப் பெட்டியிலேயே கிடக்கும், பில்லும் அதோடு கிடக்கும்.

ஆகவே 40 கிணறுகளின் பட்டியலையும் ஒவ்வொன்றின் பம்பிங் டெஸ்ட் அறிக்கையையும் கேளுங்கள். 24 மணி நேரச் சோதனையில் எவ்வளவு நீர், மட்டம் எவ்வளவு இறங்கியது, எத்தனை நேரத்தில் மீண்டது என்று அதில் இருக்க வேண்டும். இது இல்லாமல் ஹெட் (நீரை ஏற்ற வேண்டிய உயரம்), ஸ்டேஜ் (பம்பின் அடுக்குகள்) கணக்கே போட முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நீர்ப் பரிசோதனையில் உப்பையும் ஃபுளோரைடையும் பாருங்கள். கென்யாவின் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் ஃபுளோரைடு பல இடங்களில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டும். துர்க்கானாவின் லோடிகிபியில் 2013-இல் பெரும் நிலத்தடி நீர் கண்டதாகக் கொண்டாடினார்கள். பிறகு சோதித்தால் உப்பு. நீர் தேறாத கிணற்றுக்கு ஏற்புச் சான்று கிடைக்காது.

காலமும் முக்கியம். ஏப்ரலுக்குப் பின் சரக்கு இறங்கினால் ஜூன் மாத பில் நெரிசலில் மாட்டும்; ஜூன் 30-க்குள் பணம் ஆகாதது நிலுவைப் பட்டியலுக்குப் போகும். 2027 ஆகஸ்டில் பொதுத் தேர்தல். புதிதாகத் தேர்வாகும் கவுண்டி ஆளுநர்கள் பழைய பில்களைச் சரிபார்க்கக் குழு போடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. குழு முடிக்கும் வரை யாருக்கும் பணம் இல்லை, நியாயமான பில்லுக்கும் சேர்த்துத்தான்.

வியாபாரத்தை விடவும் மனமில்லை என்றால், 30 விழுக்காடு முன்பணம், மீதிக்கு இந்திய வங்கி உறுதி செய்த எல்சி (ஆவணங்களைக் காட்டினால் வங்கியே பணம் தரும் உறுதிக் கடிதம்), முதல் தவணையாக மின் இணைப்பு உள்ள 10 கிணறுகளுக்கு மட்டும் பம்ப். கடன் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் இசிஜிசி (ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் இந்திய அரசு நிறுவனம்) காப்பீடு எடுங்கள். கவுண்டி பணம் தராததால் ஒப்பந்ததாரர் இழுத்தடிப்பது பாலிசியில் எந்த வகையில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். விலையை டாலரில் வையுங்கள்: 2024 ஜனவரியில் டாலருக்கு 160 ஷில்லிங் வரை போனது, சில மாதங்களில் 130 அருகே வந்தது. திட்டத்துக்கு உலக வங்கிப் பணம் என்று சொன்னால், ஒப்பந்ததாரருக்கு வங்கியே நேரடியாகப் பணம் செலுத்தும் ஏற்பாடு உண்டா என்று பாருங்கள். இருந்தால் ஆபத்து பாதி குறையும்.

இறக்குமதிச் செலவு யார் தலையில் என்பதையும் விலைப் பட்டியலில் எழுதிவிடுங்கள். சுங்கத்தோடு, மொம்பாசா–நைரோபி ரயில் பாதைக்காக 2013-இல் 1.5 விழுக்காட்டில் தொடங்கிய ரயில்வே வளர்ச்சி வரியும் உண்டு. விகிதம் மாறிக்கொண்டிருப்பதால் அன்றைய நிலவரத்தைத் துறைமுக ஏஜெண்டிடம் கேளுங்கள். கென்யத் தரக் கழகத்துக்கான இணக்கச் சான்றை இந்தியாவிலேயே, கப்பல் ஏற்றும் முன் வாங்கிவிட வேண்டும்.