கேளுங்கோ, கதைப்பம்: ‘வீட்டுக்கு வந்தால் ஒரு கதையில்லை’

கேள்வி: என் கணவருக்குக் கோட்டையில் வங்கி வேலை. 101ஆம் இலக்க பஸ்ஸில் இடிபட்டு வெள்ளவத்தைக்கு வந்து சேர ஆறரையாகும். வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பல்கனிக் கதிரையில் போய் இருந்துவிடுவார். ஒரு மணித்தியாலத்துக்கு வாய் திறக்க மாட்டார். நானோ இரண்டு வயதுப் பிள்ளையோடு விடிந்ததிலிருந்து ஆள்முகம் பாராமல் கிடக்கிறேன். சனி, ஞாயிறில் யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வந்து நின்றால் எனக்குத் திருவிழா; அவருக்கு முகம் சுருங்கிவிடும். போன கிழமை என் சித்தி நிற்கும்போது “சலூனுக்குப் போறன்” என்று போனவர், மூன்று மணித்தியாலம் கழித்து அதே தலைமயிரோடு வந்தார். என்னிலும் என் சனத்திலும் அவருக்கு வெறுப்பா?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: ‘அதே தலைமயிரோடு’ என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். குறை நினைக்காதேங்கோ தங்கச்சி, நானும் உங்கள் கணவரின் கட்சிதான்.

கலியாணமான புதிதில் எங்களுக்கு வெள்ளவத்தையில் இரண்டு அறை வீடு. மாமி, இரண்டு மச்சாள்மார், நாங்கள் இரண்டு பேர். பகல் முழுக்க வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கத்திவிட்டு வந்தால், வீட்டில் கதவைத் திறந்ததுமே “என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்று மூன்று குரல் ஒன்றாகக் கேட்கும். அன்பான சனம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் எனக்கு மூச்சு முட்டும். “தமிழ்ச் சங்கத்துக்குப் புத்தகம் திருப்பிக் குடுக்கப் போறன்” என்று வெளிக்கிடுவேன். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம்; அதன் நூலகம் என்னைப்போல எத்தனை பேருக்கு ஒளிப்பிடமாக இருந்ததோ தெரியாது. ஒரே புத்தகத்தை ஒரு மழைகாலம் முழுக்கத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒருநாள் தலையை நிமிர்த்தினால் எதிரே என் கணவர். பிடிபட்டேன், ஏச்சு விழப்போகுது என்று நினைத்தேன். மனுசன் ஒன்றும் பேசாமல் கதிரையை இழுத்துப்போட்டுப் பேப்பரை விரித்தார். ஐந்து நிமிடம் வாய் மூடி இருக்கத் தெரியாதவர், முக்கால் மணித்தியாலம் அப்படியே இருந்தார். திரும்பி வரும்போது காலி வீதியில் நானாகவே கதைக்கத் தொடங்கி, வீட்டு வாசல் வரைக்கும் நிறுத்தவில்லை. படியேறும்போதுதான் சொன்னார்: “இனியாவது அந்தப் புத்தகத்தை உண்மையாத் திருப்பிக் குடு.”

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, என்னைக் களைக்கப் பண்ணியது ஆட்கள் இல்லை. ஆட்களுக்காக முகத்தை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறதுதான். ஒன்றும் கேட்காத ஒருவர் பக்கத்தில் இருந்தால், இரண்டு பேராக இருந்துகொண்டே தனியாக இருக்கலாம். உங்கள் கணவர் பகல் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, முன்பின் தெரியாத சனத்துக்குச் சிரித்துவிட்டு வருகிறார். ஆறரைக்கு அந்தச் சிரிப்பு முடிந்துவிடுகிறது. அது உங்களோடு கோபம் இல்லை.

ஆனால் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மழலை கேட்க இனிமைதான், பெரிய ஆளோடு கதைக்கிற பசியை அது தீர்க்காது. பல்கனிக்குப் போவது குற்றமில்லை. சொல்லாமல் போவதுதான் உங்களைச் சுடுகிறது. எங்கள் ஆட்கள் வாசலைத் தாண்டும்போது “போறன்” என்று சொல்வதில்லை, “போயிட்டு வாறன்” என்றுதான் சொல்வோம். “அரை மணித்தியாலத்தில வாறன்” என்று அவர் சொல்லட்டும், சொன்ன நேரத்துக்கு அவரே எழும்பி வந்து கதையைத் தொடங்கட்டும். அந்த அரை மணித்தியாலத்தில் ஒரு பிளேன்ரீ கொண்டுபோய் வையுங்கோ, கேள்வி ஒன்றும் வைக்காதேங்கோ. உங்களுடைய கதைப் பசி முழுவதையும் அவர் ஒருவரே தீர்க்க முடியாது என்பதையும் யோசியுங்கோ. நாலரைக்குப் பிள்ளையோடு மரைன் டிரைவில் இறங்கி நடந்தால் உங்களைப்போல இன்னும் நாலு தாய்மார் தட்டுப்படுவார்கள். ஞாயிறு காலமை பிள்ளை அவர் பொறுப்பு, நீங்கள் சிநேகிதிகளோடு.

சித்தி வந்து நின்றால் அவருக்கு ஒரு வேலை கொடுங்கோ: இடியப்பம் வாங்க, பஸ்ஸடியில் கூட்டிவர. கையில் வேலை இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு விருந்தாளி பாரமில்லை. சும்மா இருந்து சிரிக்கச் சொன்னால்தான் சலூன் ஞாபகம் வரும்.

முன்பு நன்றாகக் கதைத்தவர் அண்மையில்தான் அடங்கிப்போனார், சாப்பாடு, நித்திரை குறைந்தது என்றால் அது வேறு கதை. வைத்தியரிடம் போகவேணும், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் போர்டிங்கில் ஓர் அறையில் நாலு பேர் இருக்கிறோம். நான் அதிகம் கதைப்பதில்லை என்று ‘வாயில்லாப் பூச்சி’ பட்டம். அகமுகியாக (introvert) இருப்பது ஒரு வருத்தமா? மாற்ற ஏலுமா?
— பல்கலைக்கழக மாணவி

பதில்: வருத்தமும் இல்லை, மருந்தும் இல்லை மகள். அகமுகி, புறமுகி என்ற பாகுபாட்டை 1921இல் ஒரு நூலில் விரித்து எழுதியவர் சுவிஸ் நாட்டு உளவியலாளர் கார்ல் யுங். மனசின் நாட்டம் உள்ளே போகிறதா, வெளியே போகிறதா என்றுதான் அவர் பார்த்தார். பிறகு லண்டனில் ஹான்ஸ் ஐசென்க் அதை மூளையின் விழிப்போடு இணைத்தார்: அகமுகிக்கு இயல்பிலேயே விழிப்புக் கூட, அதனால் கொஞ்சச் சத்தமே போதும் என்பது அவர் வாதம். கொஞ்சத் தூண்டலே அகமுகிகளைக் கூடுதலாகத் தாக்குகிறதா என்று அறிய, அந்தக் காலத்து ஆய்வாளர்கள் நாக்கில் நாலு சொட்டுத் தேசிக்காய்ச் சாறு விட்டு எச்சிலை நிறுத்துப் பார்த்தார்கள். சராசரியாக அகமுகிகளுக்குத்தான் கூட ஊறியதாம்! உங்கள் அறைத் தோழிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கோ, பட்டம் மாறினாலும் மாறும்.

கலகலப்பானவர்களும் களைப்பார்கள். பின்லாந்தில் மாணவர்களை வைத்துச் செய்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்களோடு கலகலவென்று இருந்தபோது எல்லோருக்குமே மனசு மலர்ந்தது. ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் கழித்து இரு வகையினருக்குமே அலுப்புத் தட்டியது. ஆகவே நீங்களும் ஒரேயடியாக ஒதுங்க வேண்டாம். நாலு பேர் அறையில் தனிமைக்கு வழி? மற்றவர்களுக்கு முன் அரை மணித்தியாலம் எழும்புங்கோ. விகாரமகாதேவிப் பூங்காவில் ஒரு மரநிழல் பிடியுங்கோ. போர்வைக்குள் போனோடு கிடப்பதைத் தனிமைக் கணக்கில் சேர்க்காதேங்கோ, அதற்குள் ஊரே இருக்கிறது.

கேள்வி: எனக்கு 71 வயது. செட்டியார் தெருவில் நகைக்கடையில் முப்பது வருடம் கணக்கு எழுதினவன். மனைவி போய் ஒன்றரை வருடம், பிள்ளைகள் இருவரும் கனடா. ‘தனிமை மனசுக்கு நல்லம், தியானம் செய்யுங்கோ அப்பா’ என்று மகள் வீடியோ அனுப்புகிறாள். கண்ணை மூடினால் இன்னும் களைக்கிறது. நான் என்ன பிழை விடுகிறேன்?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: பிழை ஒன்றும் இல்லை ஐயா, மருந்துதான் மாறிவிட்டது. அந்த வீடியோக்கள் என்னைப் போன்றவர்களுக்கு. உங்களுக்குச் சனம் வேணும். என் கணவர் உயிரோடு இருந்தவரை, மனசு சோர்ந்தால் காலிமுகத்திடலுக்குப் போய்விடுவார். பட்டம் விற்கிற பொடியனிடம் விலை கேட்பார், வாங்கமாட்டார். இஸ்ஸோ வடைக்காரரோடு இறால் விலை, பக்கத்தில் நிற்கிறவரோடு மழை, அரசியல். வரும்போது பத்து வயது குறைந்திருக்கும். 1859இல் அந்தத் திடலின் நடைபாதையைக் கட்டிமுடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பேணச் சொல்லிக் கல்லில் பொறிக்கவைத்தார். கதைகாரக் கிழவர்களை மறந்துவிட்டார், நீங்கள் போங்கோ.

காலமையில் செட்டியார் தெருப் பக்கம் ஒரு நடை போனால் பழைய முகங்கள் சில இன்னும் இருக்கும். மகளிடம், “வீடியோ வேண்டாம் பிள்ளை, கிழமைக்கு இரண்டு தரம் எடுத்துக் கதை” என்று கூச்சப்படாமல் சொல்லுங்கோ.

உங்கள் கடிதம் நாலு பக்கம். ஆசிரியர் வெட்டித்தான் போட்டிருக்கிறார், நான் முழுவதும் வாசித்தேன். தாலிக்கொடி வாங்க வந்து காசைப் பஸ்ஸில் விட்ட மாப்பிள்ளையின் கதையை, கடதாசி முடிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தக் காசு கிடைத்ததா, இல்லையா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கோ.