லூயிஸ் தீவின் கடன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஜேம்ஸ் மாத்திசன் சீனாவில் அபினி விற்ற பணத்தில்தான் தீவை வாங்கினார், சரி. ஆனால் கடனில் மூழ்கிக் கிடந்த இடத்தைத்தானே வாங்கினார்? பஞ்சத்தில் மக்களுக்கு உணவும் கொடுத்திருக்கிறார். கடனை வைத்துவிட்டுப் போனவர்கள் தீவின் பழைய உரிமையாளர்களான சீஃபோர்த் குடும்பத்தார். அவர்களை விட்டுவிட்டு இவர்மேல் ஏன் இத்தனை கோபம்? இங்கே இலங்கையில் ஆளுநராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கன்சி அந்தக் குடும்பத்தவரா?

ஒரு வாசகி, கண்டி

அன்புள்ள வாசகிக்கு,

ஆமாம், அந்த வீட்டு மருமகன். சீஃபோர்த் பிரபு பிரான்சிஸ் ஹம்பர்ஸ்டன் மெக்கன்சிக்கு நிலமும் கடனும் சேர்ந்தேதான் வந்தன. கடனை அடைக்க அவர் கயானாவின் பெர்பீஸில் அடிமைகளை வைத்துப் பருத்தித் தோட்டம் போட்டார். கடன் அடையவில்லை. நான்கு மகன்களையும் பறிகொடுத்துவிட்டு 1815-இல் இறந்தார். சொத்து மகள் மேரிக்கு வந்தது. அவரை மணந்து மெக்கன்சி என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டவர்தான் உங்கள் ஆளுநர். லூயிஸ் கரையில் கடற்பாசியை எரித்துச் சாம்பல் விற்கும் தொழிலும் நெப்போலியன் போர்களுக்குப் பிறகு படுத்துவிட்டது. 1837-இல் அவர் இலங்கைக்கு வந்தார். கண்டி கிராமத்தார் காட்டை வெட்டி எரித்து மாறி மாறிப் பயிரிட்ட சேனை நிலங்களை அரசு தனதென்று சொல்லிக்கொள்ள வழிசெய்த 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம் அவர் காலத்தில் வந்ததுதான். அதை அங்கே உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1843-இல் அவர் இறந்தார். மறு ஆண்டு லூயிஸ் 1,90,000 பவுண்டுக்கு மாத்திசனிடம் போனது.

மாத்திசன் சதர்லாந்தின் லேர்க் பகுதிக்காரர், 1796-இல் பிறந்தவர். இளம் வயதில் கல்கத்தாவுக்குப் போய் மாமன் தொடர்புடைய நிறுவனத்தில் வேலை பார்த்து, அங்கிருந்து சீனத் துறைமுகமான கான்டன் போனார். 1832-இல் வில்லியம் ஜார்டினோடு கூட்டாக நிறுவனம் தொடங்கினார். அவர்கள் கப்பல்களில் சீனாவுக்குப் போன அபினி இந்திய மண்ணில் விளைந்தது. அதனால் இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை.

பஞ்சத்தைச் சொல்கிறீர்கள். 1846-இல் உருளைக்கிழங்கு அழுகிப்போனபோது அவர் தானிய மாவு வரவழைத்தார், சாலை வேலை கொடுத்தார். பக்கத்து நிலக்கிழார்கள் பலர் அதுகூடச் செய்யவில்லை. அந்த நன்றியை நான் குறைக்கவில்லை. ஆனால் 1851-இல் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். அவருடைய காரியஸ்தர் ஜான் மன்ரோ மெக்கன்சி ஊர் ஊராகப் போய், யாரைக் கனடாவுக்கு அனுப்பலாம் என்று பட்டியல் எடுத்தார். அவருடைய அந்த வருடத்து நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. குத்தகைப் பாக்கி வைத்தவர்கள்தான் முக்கியக் குறி. பாக்கி தள்ளுபடி, கப்பல் கட்டணம் இலவசம். மறுத்தால் நிலம் போய்விடும். 1855-க்குள் ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள். சீஃபோர்த் குடும்பத்தையும் நான் விட்டுவிடவில்லை. பிரபுவின் கடனுக்குப் பெர்பீஸில் அடிமைகள் உழைத்தார்கள். மாத்திசன் நிலத்தை ஒழுங்குபடுத்த நினைத்தபோது குடியானவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். இருவர் கணக்கிலும் தீர்ப்பு சொல்லும் இடத்தில் அந்த ஜனங்கள் இல்லை. என் கோபம் அதன்மேல்தான்.

அந்தக் காலத்தில் அபினி யாருக்கும் தவறாகத் தெரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். மாத்திசனின் சகோதரர் மகன் டொனால்டு அதே நிறுவனத்தில் பங்காளி. மனசாட்சி உறுத்தி 1840-களின் கடைசியில் விலகினார். பின்னாளில் அபினி வணிகத்தை ஒழிக்கப் போராடிய சங்கத்தின் செயற்குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஆக, தவறு அந்த வீட்டுக்குள்ளேயே தெரிந்திருந்தது. மாத்திசன் 1878-இல் இறந்தார். அவர் மனைவியும் போனபின், 1896-இல் தீவு வந்து சேர்ந்தது இதே டொனால்டிடம். வியாபாரத்தை உதறியவர், அதில் வாங்கிய நிலத்தை உதறவில்லை. அவரை மதிக்கிறேன். ஆனாலும் இந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதற்குள் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருந்தது. குடியானவர்களை இனி நினைத்தபடி வெளியேற்ற முடியாது. ஆணையம் ஒன்று குத்தகையைக் குறைத்து, பழைய பாக்கிகளில் பெரும்பகுதியையும் தள்ளுபடி செய்தது. இந்த மாற்றம் எந்த உரிமையாளரின் பெருந்தன்மையாலும் வரவில்லை. மக்கள் கூடிப் போராடியதால் வந்தது. 1874-இல் லூயிஸை ஒட்டிய பெர்னரா தீவில் வெளியேற்ற நோட்டீஸ் கொண்டுவந்த அதிகாரிகளோடு மோதியதாகப் பிடிபட்ட மூன்று பேரும் விடுதலையானது அதற்கொரு தொடக்கம்.

டொனால்டின் மகன் டங்கன் 1918-இல் தீவை சோப்பு முதலாளி லீவர்ஹியூமுக்கு விற்றார். அவரும் ஐந்தே வருடத்தில் கைவிட்டு, தீவை அங்குள்ள மக்களுக்கே தானமாகத் தருவதாகச் சொன்னார். தீவின் முக்கிய நகரமான ஸ்டோர்னோவே பகுதி ஏற்றுக்கொண்டது. மற்ற ஊர்க் குடியானவர்கள் பெரும்பாலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். உரிமையாளரானால் வரியும் செலவும் தங்கள் தலையில் விழும். குத்தகைக்காரர்களாகச் சட்டப் பாதுகாப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. நன்றாக யோசித்துத்தான் மறுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

அன்புடன்