இலை செழிக்கிறது, கிழங்கு பிடிக்கவில்லை

கேள்வி: திருப்பூரில் வீட்டுக்குப் பின்னால் ஹாலோ பிளாக் அடுக்கி மேட்டுப்பாத்தி போட்டிருக்கிறேன். நார்க்கழிவு, சாணம், செம்மண் மூன்றும் சம அளவு. ஆடியில் கடைப் பூண்டை ஊன்றினேன். தாள் நன்றாக வந்தது, பிடுங்கினால் அடியில் பூண்டே இல்லை. கேரட் இரண்டு மூன்று காலாகப் பிளந்திருக்கிறது. முள்ளங்கியிலும் கீரைதான். என்ன செய்வது?

பதில்: கேரட்டும் முள்ளங்கியும் கெட்டதற்குக் காரணம் மண். பூண்டுக்கு மண்ணை மாற்றினாலும் பெரிதாகப் பயனில்லை.

முதலில் மண். கீரைக்கும் கத்தரிக்கும் நீங்கள் போட்ட கலவை அருமையானது. கிழங்குக்கு அது அதிகச் சாப்பாடு. சாணத்தில் உள்ள தழைச்சத்து முழுக்க இலைக்குப் போய்விடும். பிளந்த கேரட்டை வீசிவிடாமல், பிளவு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த ஆழத்தில்தான் வேர் நுனி கல்லிலோ மட்காத சாணக் கட்டியிலோ முட்டியிருக்கும். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டாலும் இதே கதிதான். கேரட், முள்ளங்கி, பீட்ரூட் மூன்றையும் நேரடியாகத்தான் விதைக்க வேண்டும்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. எல்லாவற்றையும் சலித்து ஓரடி ஆழத்துக்கு நிரப்புங்கள். வேப்பம் புண்ணாக்கு இரண்டு கைப்பிடி சேர்த்தால் வேர் முடிச்சு நூற்புழு கொஞ்சம் அடங்கும். நார்க்கழிவைக் குறைத்துவிடுங்கள்; போட்டே ஆக வேண்டுமென்றால் உப்புப் போகக் கழுவிப் போடுங்கள்.

கேரட் முளைக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை பாத்தி மேல் ஈரச் சாக்கு போர்த்தி, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். பிறகு நெருக்கமாக வந்த முளைகளைக் கலைத்து விட வேண்டும். மனசு வராதுதான், ஆனால் கேரட்டுக்கு இரண்டு அங்குலம், முள்ளங்கிக்கு நான்கு அங்குலம் இடைவெளி இல்லாமல் கிழங்கு பருக்காது. பீட்ரூட்டில் ஒரு விதை என்று நாம் போடுவதே பல விதைகள் ஒட்டிய கொத்து; ஒரே குழியில் மூன்று முளை வந்தால் ஒன்றை மட்டும் விடுங்கள். சமவெளியில் கேரட்டை ஐப்பசிக்கு முன் விதைக்க வேண்டாம்.

இனி பூண்டு. அது திரள முதலில் குளிர் வேண்டும், பிறகு பகல் நீள வேண்டும். கொடைக்கானலில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளையும் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே பகல் நீளம் திருப்பூரைப் போலத்தான். வித்தியாசம் மலைக் குளிர்தான். அந்தக் குளிரைக் கொஞ்சம் ஃபிரிட்ஜில் கொடுக்கலாம். விதைப் பூண்டை உரிக்காமல் காகிதப் பையில் போட்டு, காய்கறித் தட்டில் ஐந்தாறு வாரம் வைத்து, ஐப்பசியில் எடுத்த உடனே ஊன்றுங்கள். பெரிய பல்லாகத் தேர்ந்து, கூர்முனை மேலே இருக்க, ஓர் அங்குல ஆழம், நான்கு அங்குல இடைவெளி. வட இந்தியாவிலிருந்து வரும் பெரிய பூண்டு வேண்டாம். அதற்கு நம் பகல் போதாது. மலைப்பூண்டே விதைக்கு நல்லது.

இவ்வளவும் செய்தாலும் சின்னப் பூண்டுதான் கிடைக்கும்; சிலதில் பல் பிரியாமல் ஒற்றைப் பூண்டாகவே நிற்கும். வீட்டுப் பூண்டுச் செலவை இது ஈடுகட்டாது. நானாக இருந்தால் பாத்தியில் ஓர் ஓரத்தை மட்டும் பூண்டுக்கு விட்டு, மீதியில் முள்ளங்கியும் பீட்ரூட்டும் போடுவேன்.

இப்போது நிற்கும் பூண்டைப் பிடுங்காதீர்கள். மண்ணிலிருந்து இரண்டு விரற்கடை விட்டுத் தாளை அறுத்துத் துவையலுக்கு எடுங்கள். ஒரு முறையாவது திரும்பத் துளிர்க்கும்.