சாலையோரம் மரம் நட்டால் புகை குறையுமா?

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிப் பெரிய சாலை, நாள் முழுக்க வண்டிப் புகை. பக்கத்துக் காலி மனையில் குறுங்காடு வளர்த்தால் காற்று சுத்தமாகும் என்கிறார்கள். உண்மையா? மரத்துக்கே இந்தப் புகை ஒத்துக்கொள்ளுமா?

பதில்: குறையும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்குக் குறையாது. சாலையோர மரத்தின் இலை ஒன்றை ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், கறுப்பாக ஒரு தடம் விழும். நம் நெஞ்சுக்குள் போயிருக்கக்கூடிய தூசி அது. சுணையும் சொரசொரப்பும் உள்ள இலைகள் வழுவழு இலைகளைவிட அதிகமாகப் பிடித்து வைக்கும். மழை பெய்தால் அது மண்ணுக்கு இறங்கிவிடும், மழையில்லாமல் காற்று பலமாக அடித்தால் கொஞ்சம் திரும்பவும் பறக்கும். அப்புறம், நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன் மாதிரி மூச்சுக்குக் கெடுதலான வாயுக்களை இலைத்துளைகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். அமெரிக்க நகரங்களின் மரங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 7,11,000 டன் மாசை நீக்குவதாக 2006-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரிய எண்தான், ஆனால் அதனால் காற்றின் தரத்தில் வந்த முன்னேற்றம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே வண்டிப் புகையை வண்டியிலேயே குறைத்தாக வேண்டும், அந்த வேலையை மரத்தின் தலையில் கட்ட முடியாது.

எங்கே நடுகிறோம் என்பதும் முக்கியம். இருபுறமும் உயரமான கட்டடங்கள் உள்ள குறுகிய தெருவில் கிளைகள் கூரை போல மூடிக்கொண்டால் புகை மேலே போக வழியில்லாமல் கீழேயே தேங்கும். அங்கே சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவில் அடர்த்தியான புதர்வேலி போதும். உங்கள் காலி மனையில் குறுங்காடு தாராளமாக வளர்க்கலாம், நிழலும் குளிர்ச்சியும் கூடவே கிடைக்கும்.

சரி, மரத்துக்கு ஒத்துக்கொள்ளுமா? என்னை மிகவும் வருத்துகிற விஷயம் இது. வெயில் ஏறி வேரில் ஈரம் இல்லாவிட்டால் மரம் தண்ணீரைக் காப்பாற்ற இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். ஓசோன் உச்சத்தில் இருக்கும் பிற்பகலில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது, அதாவது நமக்கு மரம் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் அதனால் வாயுக்களை உறிஞ்ச முடியாது, காற்றைக் குளிர்விக்கவும் முடியாது. யூகலிப்டஸ் போன்ற சில மரங்கள் வெப்பம் கூடக்கூட ஐசோப்ரீன் என்ற ஆவியை அதிகமாக விடும், அது வண்டிப் புகையோடு வெயிலில் கலந்தால் ஓசோன் உருவாக வழிசெய்யும். இதெல்லாம் போதாதென்று அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூசி விடுகிறார்கள், வேருக்குத் தண்ணீரும் கிடையாது காற்றும் கிடையாது. இப்படி மூச்சுமுட்டி நிற்கும் பழைய மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

நடும்போது ஒரே இனத்தை வரிசையாக வைக்காதீர்கள், ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடும். ஓர் இனம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1990-லேயே ஒரு விதி சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே நிற்கிற பெரிய மரத்தை எதற்காகவும் வெட்ட விடாதீர்கள், அதன் இலைப்பரப்பை எட்ட இன்று நடும் கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். தூரைச் சுற்றிச் சிமென்டைப் பெயர்த்துப் பாத்தி கட்டி, உதிர்ந்த சருகை அதிலேயே மூடாக்காகப் போடுங்கள், ஈரம் நிற்கும். சருகைக் கொளுத்தினால் அந்தப் புகையும் உங்கள் வீட்டுக்குள்தான் வரும்.