உதவியாளர் கேட்கும் முன்பணம்

கேள்வி: எனக்கு 45 வயது. காரைக்குடியில் பூர்விக வீட்டில் தனியாக வசிக்கிறேன். விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டதால் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். வீட்டிலிருந்தே கடைகளுக்குக் கணக்கு எழுதி மாதம் 48,000 ரூபாய் ஈட்டுகிறேன். கையிருப்பு 4 லட்சம். பகல் உதவியாளருக்கு 14,000, இரவு உதவியாளருக்கு 10,000 ரூபாய் சம்பளம். பகலில் வருபவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 60,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுத்தால் வேலையை விட்டுப் போகமாட்டார் என்கிறார் என் அண்ணன். கொடுக்கலாமா? இந்தச் சம்பளத்துக்கு வரிச் சலுகை உண்டா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் உங்கள் அண்ணன் சொல்லும் காரணத்துக்காகக் கொடுக்கக் கூடாது. கடன் தீரும் வரை வேறு வேலைக்குப் போகக் கூடாது என்று கட்டிப்போட்டுத் தரும் முன்பணம், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தடை செய்திருப்பது. அது செங்கல் சூளைகளுக்கு மட்டுமான சட்டம் அன்று. தவிரவும், மனமில்லாமல் தங்கியிருப்பவர் கையை நம்பித்தான் நீங்கள் தினமும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற வேண்டியிருக்கும்.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு முன், உங்கள் பேரேட்டில் ஒரு திருத்தம் தேவை. உதவியாளர் செலவை 24,000 ரூபாய் என்று எழுதியிருப்பீர்கள். இருவருக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை தந்து, அன்றைக்கு மாற்று ஆளுக்குப் பகலுக்கு 700, இரவுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 62,400 ரூபாய் ஆகிறது. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளத்தையும் சேர்த்தால் ஆண்டுச் செலவு 3,74,400, அதாவது மாதம் 31,200 ரூபாய். உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது 16,800தான். முத்துமாரியம்மன் பால்குடத்தன்று இருவருமே விடுப்புக் கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நாளுக்கான ஆளை மாசி பிறக்கும்போதே பேசி வைத்துவிடுங்கள்.

ஆகவே முதலில் மூன்று மாதச் செலவான 93,600 ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். ஒருவர் திடீரென்று நின்றால், புது ஆள் அமையும் வரை நாள்கூலி கொடுக்க அதுதான் கைகொடுக்கும். அதன்பின் 30,000 ரூபாயை வட்டியில்லாமல் கொடுத்து, மாதம் 1,500 வீதம் 20 மாதங்களில் கழித்துக்கொள்ளுங்கள்; மீதிக்கு அவருடைய மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் கேட்கச் சொல்லலாம். முழு 60,000 ரூபாயையும் கொடுத்தால், 14,000 சம்பளத்தில் மாதம் 3,000 பிடித்தால்கூட அவர் வீட்டில் அடுப்பு எரிவது சிரமம். முன்பணத்தைத் தனிப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு மாதமும் பாக்கியைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். நடுவில் அவர் விலகினால் பாக்கி திரும்பாமலும் போகலாம். 30,000 என்று நான் நிறுத்தியது அதனால்தான்.

வரி விஷயம் சுருக்கமானது. உங்கள் ஆண்டு வருமானம் 5,76,000 ரூபாய். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராது என்பதால், பழைய முறையில் கடும் குறைபாட்டுக்குக் கிடைக்கும் 1,25,000 ரூபாய்க் கழிவை நீங்கள் தேடிப் போகத் தேவையில்லை. உதவியாளர் சம்பளத்தைத் தொழில் செலவாகக் காட்டிவிடாதீர்கள். அது சொந்தச் செலவு.

உங்களைத் தூக்கி மாற்றுபவருக்கு இடுப்புப் பிடித்தாலும் வழுக்கி விழுந்தாலும் அது உங்கள் வேலையில் நேர்ந்ததே. இருவரையும் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதியச் சொல்லுங்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் வரை விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. அதன் காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 அன்று தொடங்குவதாலும், அந்த 20 ரூபாயை அவர்கள் வங்கிக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வதாலும், மே மாதச் சம்பளத்தை மட்டும் சில நாள் முன்னதாகவே அவர்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.