கை நடுங்குகிறது என்று இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஆஸ்துமாவுக்காக நான்கு மாதங்களுக்கு முன் மருத்துவர் இரண்டு இன்ஹேலர்கள் கொடுத்தார். காலையும் இரவும் எடுக்கச் சொன்ன பியூடசோனைடு இன்ஹேலரால் குரல் கம்மி, நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்ததால், ஒரு மாதமாக அதை நிறுத்திவிட்டேன். இப்போது மூச்சு வாங்கும்போது மட்டும் நீல நிறச் சால்பியூட்டமால் அடித்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை ஆகிவிடுகிறது. ஊசியில் நூல் கோக்க முடியாத அளவுக்குக் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இன்ஹேலர் பழகிவிட்டால் விடவே முடியாது, இதயம் கெட்டுவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: நிறுத்தக் கூடாததை நிறுத்திவிட்டு, குறைய வேண்டியதைக் கூட்டியிருக்கிறீர்கள். உங்கள் தொல்லைகளில் பாதி ஒரு மருந்தாலும் மீதி இன்னொன்றாலும் வந்தவை என்பதால், இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

கை நடுக்கமும் படபடப்பும் சால்பியூட்டமாலின் வேலை. சுருங்கிப்போன மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்துகிற இந்த மருந்து, இரத்தத்தில் கலக்கும் சிறு பங்கினால் கைத்தசைகளையும் இதயத்தையும் சற்றே தூண்டிவிடுகிறது. ஆகவே அடித்த சில நிமிடங்களில் விரல்கள் நடுங்கத் தொடங்கி, சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம்தான். இதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று நாற்பது பஃப்புக்குச் சமம் என்பதை, ‘இன்ஹேலர் வேண்டாம், மாத்திரை போதும்’ என்பவர்களுக்கு நான் அடிக்கடி சொல்ல நேர்கிறது. அடங்குவதற்குள் அடுத்தது, அதற்குள் இன்னொன்று என்று நாள் முழுவதும் எடுத்தால் நடுக்கம் ஓயாது. இரத்தத்தில் பொட்டாசியமும் குறையலாம். அதைவிட முக்கியமாக, ஒரு நாளில் எட்டு, பத்து முறை இதைத் தேட வேண்டியிருப்பது உங்கள் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கான எச்சரிக்கை. ஆகவே தள்ளிப்போடாமல் நாளையே உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் என்று மருந்துக் கடையில் கேட்டு, புரோப்ரனலால் மாத்திரை வாங்கி விழுங்கிவிடாதீர்கள். மற்றவர்களுக்கு நடுக்கத்தைக் குறைக்கும் அந்த மாத்திரை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கி உயிருக்கே ஆபத்தை உண்டாக்கக்கூடும்.

குரல் கம்மியதும் நாக்கில் வெள்ளை படிந்ததும் பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டால் வந்தவை. இன்ஹேலரை நேரடியாக வாயில் வைத்து அடிக்கும்போது மருந்தின் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையிலும் நாக்கிலும் ஒட்டிக்கொள்கிறது. அங்கே எதிர்ப்புச் சக்தி சற்றுக் குறைய, பூஞ்சை படர்கிறது. என்னிடம் வருகிறவர்களை ‘என் முன்னால் ஒருமுறை அடித்துக் காட்டுங்கள்’ என்று சொன்னால், பலர் முதலில் மூச்சை இழுத்து முடித்துவிட்டுப் பிறகுதான் அழுத்துகிறார்கள். மருந்து வெண்புகையாக வாயோரம் வெளியே வந்துவிடுகிறது. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையைப் பொருத்தி, குலுக்கி, ஒரு தடவைக்கு ஒரு பஃப் மட்டும் அடித்து, மெதுவாக இழுத்துப் பத்து வினாடி மூச்சை அடக்கினால் தொண்டையில் படிவது வெகுவாகக் குறையும். முடித்ததும் தொண்டை வரை நன்றாகக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். அந்தத் தண்ணீரை விழுங்கக் கூடாது. பல் துலக்குவதற்கு முன்பு இன்ஹேலர் எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் கொப்பளிக்க மறக்காது. இப்போது இருக்கும் வெள்ளைப் படலத்துக்கு, வாயில் தடவும் பூஞ்சை மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது எளிதில் வரும் என்பதால், வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். கம்மிய குரல் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

பழகிவிடும் என்பது உண்மையல்ல. நிறுத்தியதும் இழுப்பு திரும்புவது, மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் அழற்சியைத் தணிக்க ஆள் இல்லாமல் போனதால்தான். அதிலும் மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் புகையும், கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும், போதாததற்கு உங்கள் தையல் மேசையிலிருந்து பறக்கும் பஞ்சும் அந்தச் சுவரைத் தினமும் உரசிக்கொண்டிருக்கின்றன. ஸ்டீராய்டால் எலும்பு தேய்வதும் கண்புரை வருவதும் பெரும்பாலும் அதிக அளவில் ஆண்டுக்கணக்காக எடுப்பவர்களுக்கு உரிய கவலை. வழக்கமாகக் கொடுக்கும் 200 மைக்ரோகிராம், இரு வேளை என்பது குறைந்த அளவையே சேரும். எனவே உங்களுக்கு எழுதிக்கொடுத்த அளவிலேயே இன்று இரவே மறுபடியும் தொடங்குங்கள். நோய் அடங்கிய பிறகு அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரே பேசுவார். தினசரி மருந்து சரியாக வேலை செய்யத் தொடங்கினால் நீல இன்ஹேலரின் தேவையும், கூடவே கை நடுக்கமும் குறையும்.

இடையில், நீல இன்ஹேலர் அடித்தும் மூச்சு அடங்காமல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத நிலையோ, உதடு நீலம் பாரிப்பதோ, நெஞ்சு வலியோ வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை ஸ்பேசர் மூலம் நீல இன்ஹேலரைத் தொடர்ந்து எடுக்கலாம். அந்த நேரத்தில் கை நடுக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.